காத்தாடியை நிறுத்திய நாள்

மக்களே,

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வாசலில் கிடந்த செருப்புக் குவியலில் என்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தபோது உன் போன் வந்தது. "அப்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்களுக்குப் பதில் சொல்லணும். போகட்டா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றாய். கடல் தாண்டி எங்கோ ஓர் ஊர். பக்கத்தில் யாருமே பேசாதபோதும் காதில் குரல் கேட்கிறவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு குழு. அதில் சேர உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போனால் திரும்ப வருடங்கள் ஆகும். போகாவிட்டால் நாகர்கோவிலில் பி.எட். முடித்துவிட்டு இங்கேயே ஏதாவது பள்ளிக்கூடத்தில் சேர்ந்துகொள்கிறேன் என்றும் சொன்னாய். அதைச் சொன்ன குரலை வைத்து, நான் உன்னைப் பிடித்து வைக்க வேண்டும் என்று நினைக்கிறாயா, விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறாயா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடாத இடத்தில் நான் சத்தம் போடுகிற ஆள். போட்டேன்.

"முதல்ல ஃபிசிக்ஸ்னு போன. பொறவு பயாலஜின்ன. இப்ப மனசுன்னு சொல்லுத. ஒரு போல்ட்டை முழுசா முறுக்காம அடுத்த போல்ட்டுக்கு ஓடுதவ எந்த மெஷினை உருப்படியா மாட்டப் போறா?" என்று கத்தினேன். போதகரம்மா திரும்பிப் பார்த்தார். நீ ரொம்ப சாவகாசமாக, "நீங்க அப்பிடியாப்பா முறுக்குவிய?" என்று கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன்.

ஏன் வைத்தேன் என்று உனக்குத் தெரியும். இதை வாசிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் மின்சாரம் எடுக்கிற காத்தாடிகளில் பழுது பார்ப்பது என் வேலை. வட்டமாக இருக்கிற போல்ட்டுகளில் ஒன்றை எடுத்தவுடன் முழுக்க முறுக்கினால் எதிர்ப்பக்கம் தூக்கிக்கொள்ளும். இதைக் கொஞ்சம் முறுக்கி, நேர் எதிரே உள்ளதைக் கொஞ்சம் முறுக்கி, பிறகு குறுக்கே போய், இப்படிச் சுற்றிச் சுற்றி வந்துதான் கடைசியில் எல்லாவற்றையும் இறுக்க வேண்டும். காரில் டயர் மாற்றும்போது இதை உனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். ஆத்திரத்தில் என் தொழிலையே தப்பாகச் சொல்லி உன்னைத் திட்டியிருக்கிறேன். நீ கண்டுபிடித்துவிட்டாய்.

நம் சபையின் மாதப் பத்திரிகையில் வெளியூர் போன பிள்ளைகளுக்கென்று ஒரு பக்கம் வரும். யாராவது ஒரு தகப்பனோ தாயோ ஆலோசனையும் வசனமுமாக எழுதுவார்கள். இந்த மாதம் என் முறை. என்னைப் போய்க் கேட்டிருக்கிறார்கள். நாற்பத்து மூன்று வயதில் ஆலோசனை சொல்லும் வரிசையில் நிற்பேன் என்று நான் நினைக்கவில்லை. உன்னைக் கல்லூரியில் விட ரயிலில் போனபோது எதிர் சீட்டுக்காரர் "அண்ணனா?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? நீ "ஆமா, சின்ன அண்ணன்" என்றாய். ஊர் போய்ச் சேருகிறவரை அந்த மனிதர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அந்தத் தம்பிதான் இதை எழுதுகிறேன். உனக்கு இன்றே அனுப்புகிறேன். பிறகுதான் அச்சுக்குப் போகும்.

உன் மாமாவைப் பற்றி எழுதாமல் இதை எழுத முடியாது. அதனால் அவனிடம் கேட்டேன். கேட்காமல் யாரைப் பற்றியும் எழுதக் கூடாது என்று உன் ஆராய்ச்சியில் ஒரு விதி உண்டு என்று நீதானே சொன்னாய்.

"எழுதுங்க அத்தான். எனக்க பேரு மட்டும் வேண்டாம்" என்றான்.

"ஊர்ல எல்லாவனுக்கும் தெரியுமேடே."

"தெரியட்டு. தெரியாத மாதிரி இருக்கதுக்கு அவனுவளுக்கும் ஒரு வசதி வேணும்லா?"

உனக்கு ஏழு வயது. வெளியூரில் மோட்டார் காயில் கட்டும் வேலைக்குப் போயிருந்த உன் அம்மாவின் தம்பி, ஒரு நாள் கையில் பைகூட இல்லாமல் நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். சாப்பாடு வைத்தால் சாப்பிட்டான். குளிக்கச் சொன்னால் குளித்தான். ஆனால் வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கிறதே அந்தக் காத்தாடி, அது தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறது என்றான். நான் முதலில் சிரித்தேன். பிறகு எரிச்சல் வந்தது. மூன்றாம் நாள், இதை முடித்துவிடலாம் என்று கிளம்பினேன். பழுது எங்கே என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது, எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அவனைக் கூட்டிக்கொண்டு காத்தாடியின் அடிக்குப் போனேன். நீயும் பின்னாலேயே வந்தாய். நல்ல ஆடிக்காற்று. பேனலைத் திறந்து காத்தாடியை நிறுத்தினேன். பிளேடுகள் மெதுவாகி, மெதுவாகி, நின்றன. மேலிடத்திலிருந்து உடனே போன். எந்தப் பழுதில் நின்றது என்று கேட்டார்கள். என் மச்சினனுக்குக் குரல் கேட்கிறது என்றா சொல்ல முடியும்? பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று வைத்தேன்.

"பாத்தியாடே? நின்னாச்சு. இப்ப கேக்குதா?" என்றேன்.

அவன் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டான். முகத்தில் எனக்கு நன்றி சொல்வது போல ஒரு பாவனை. "இப்பதான் அத்தான் தெளிவா கேக்குது. இவ்வளவு நேரமும் காத்தாடி இரைச்சல்ல பாதி புரியாம இருந்து."

படித்தவன் ஒருவன் அந்த இடத்தில் எவ்வளவு முட்டாளாக நிற்க முடியுமோ அவ்வளவு முட்டாளாக நின்றேன். அடுத்து எதை நிறுத்துவது என்று தெரியவில்லை. அப்போதுதான் நீ அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாய்.

"என்ன சொல்லுது மாமா?"

அதுவரை அவனிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. கேட்கிறதா இல்லையா என்றுதான் எல்லோரும் கேட்டோம். அவன் குனிந்து உன்னைப் பார்த்தான். "பேரைச் சொல்லிக் கூப்பிடுது. யாரும் உனக்கு இல்லன்னு சொல்லுது."

"யாருக்க குரல் மாதிரி இருக்கு?"

"தெரியாத ஆளு."

"தெரியாத ஆளு சொல்லுதத நீங்க ஏன் கேக்கிய?"

மாமா சிரித்தான். நம் வீட்டுக்கு வந்து அவன் சிரித்தது அன்றுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காத்தாடியை மறுபடி ஓடவிட்டு, பிளேடுகள் சுற்ற ஆரம்பிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா பிடித்துக்கொண்டாள். "நீங்க மெஷினை நிப்பாட்டுனிய. அவன் பயந்து போய்க் கெடக்கானே, அத என்ன செய்யப் போறிய?" ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறவள். நான் சோதனை நடத்திக்கொண்டிருந்த நேரத்தில் மனநல டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்து முடித்திருந்தாள். மருந்து ஆரம்பித்தது. இரண்டு மருந்து ஒத்துவரவில்லை. மூன்றாவது ஒத்துவந்தது. குரல் முழுக்கப் போகவில்லை, பக்கத்துத் தெரு ரேடியோ மாதிரி ஆகிவிட்டது என்பான். இன்று அவன் கட்டிய காயில் போட்ட மோட்டார்தான் பாதி ஊருக்குத் தண்ணீர் இறைக்கிறது. ஆனால் சபையில் விண்ணப்ப ஜெபத்தில் அவனுக்காக எத்தனையோ வருடம் 'சரீர சுகத்துக்காக' என்றுதான் வாசித்தார்கள். நாங்களும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம். "மாமாவுக்கு சரீரம் நல்லாத்தானே இருக்கு? ஆண்டவருக்குத் தப்பான அட்ரஸ் குடுக்கிய" என்று நீ பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாகக் கேட்டது முன் வரிசைவரை போயிற்று.

இப்போது உன் மூன்று போல்ட்டுகளுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எட்டாம் வகுப்பில் என் போனை எடுத்துக்கொண்டு போய்க் காத்தாடிச் சத்தத்தைப் பதிந்து, கம்ப்யூட்டரில் படமாகப் போட்டுக் கொண்டுவந்தாய். ஒவ்வொரு பிளேடும் கீழே இறங்கி வரும்போது கோடு ஏறியது, தாண்டியதும் இறங்கியது. "மாமா முழுக்க இல்லாததச் சொல்லல்லப்பா. இதுல மூச்சு மாதிரி ஒண்ணு இருக்கு. பேருதான் இல்ல" என்றாய். ஃபிசிக்ஸ் படிக்கப் போகிறேன் என்று அன்றுதான் சொன்னாய். நான் பூரித்துப் போனேன். அளக்க முடிகிற விஷயம், யூனிட் உள்ள விஷயம், நம்ம பிள்ளை நம்ம பக்கம் என்று நினைத்தேன்.

பிறகு வௌவால் வந்தது. காத்தாடியின் அடியில் செத்துக் கிடந்ததை என் டிபன் பாக்ஸில் எடுத்துவந்தாய். உன் அம்மா பாக்ஸையும் உன்னையும் சேர்த்து வெளியே தள்ளினாள். இருட்டில் தன் சத்தத்தின் எதிரொலியை வைத்து வழி கண்டுபிடிக்கிற பிராணி இவ்வளவு பெரிய பிளேடை எப்படித் தெரிந்துகொள்ளாமல் போயிற்று என்பது உன் கேள்வி. கல்லூரியில் முதல் வருடம் முடிவதற்குள் ஃபிசிக்ஸ் ஓரமாகப் போனது. காதுக்குள்ளே நத்தைக்கூடு மாதிரிச் சுருண்டிருக்கிற இடம், அதில் நுண்ணிய மயிர் முளைத்த செல்கள், ஒலி பட்டால் அவை அசைவது, எல்லாம் போனிலேயே சொல்லித் தந்தாய். மனுசனுக்கு அவை செத்தால் செத்ததுதான், ஒரு சின்ன வரிமீனுக்கு மறுபடி முளைக்கும் என்று நீ சொன்ன அன்று, இரைச்சலில் வேலை பார்த்துப் பார்த்து மந்தமாகிப்போன என் இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். உன்னிடம் சொல்லவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. குரல் கேட்கிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது ஆராய்ச்சியா? "இதுக்கு யூனிட் என்ன?" என்று கேட்டேன். "டாக்டர் உங்களுக்கு வலிக்குதான்னு கேக்கதுக்கு யூனிட் என்னப்பா?" என்றாய். நமக்குள்ளே நாமே பேசிக்கொள்கிறோமே, அந்தப் பேச்சையே வேறு யாரோ பேசுவதாக மூளை எடுத்துக்கொள்கிறதோ என்று சிலர் நினைக்கிறார்கள், இன்னும் முடிவாகத் தெரியாது என்றாய். முடிவாகத் தெரியாததற்கு ஏன் வாழ்க்கையைக் கொடுக்கிறாய் என்று நான் கேட்டேன். தெரிந்ததற்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்று நீ கேட்டாய். அப்படியானால் வீட்டிலேயே ஒருவன் இருக்கிறானே, அவனையே ஆராயலாமே என்றதற்கு உனக்குக் கோபம் வந்துவிட்டது. "மாமா மாமாவாவே இருக்கட்டும்பா" என்றாய்.

நான் பொறுமையில்லாதவன். உன் அம்மா சாட்சி சொல்வாள். குக்கர் விசில் அடங்குவதற்குள் மூடியைத் திறக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டவன். ஆராய்ச்சி என்றால் எனக்கு ஒரே மாதிரிதான் தோன்றும்: வெள்ளைக் கோட்டு, கருவி, எண். அப்படி இல்லை என்று உன் படிப்பு எனக்குக் காட்டியிருக்கிறது. சத்தத்தை அளக்கும்போது நீ காற்றுக்காகக் காத்திருந்தாய். அதையே திரும்பத் திரும்ப அளந்தாய். அளவு மாறினால் உன் தப்பு, மாறாவிட்டால்தான் நம்புவாய். பிறகு லேபில் அந்த வரிமீனை வளர்த்தாய், அதனோடு இது நடக்காது. அது முட்டை பொரிக்கிற நேரம் அதன் இஷ்டம், உன் தீபாவளி லீவைப் பற்றி அதற்குக் கவலையில்லை. மனிதர்களிடம் வந்தபோது, ஒருவர் வாய் திறப்பதற்காக ஒரு மாதம் போய்ப் போய் டீ குடித்துவிட்டு வந்தேன் என்றாய். அளவு ஒவ்வொரு தடவையும் மாறும், மாறுவதுதான் விஷயம் என்றாய். அந்த ஒரு மாதத்தை நான் கேலி செய்தேன். ஆனால் ஏழு வயதில் நீ சட்டை நுனியைப் பிடித்துக் கேட்டதும் இதேதான். சத்தம் எங்கிருந்து வருகிறது, காது அதை எப்படி வாங்குகிறது, வாங்கியது எப்படிப் பேச்சாகிறது. நீ வேறு வேறு போல்ட்டுகளுக்கு ஓடவில்லை. ஒரே வளையத்தைச் சுற்றி வந்திருக்கிறாய். நான் கீழே நின்றுகொண்டு கத்தியிருக்கிறேன்.

சரி, ஆலோசனை எழுத வேண்டும் என்பது பத்திரிகை வழக்கம். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். குரல் கேட்கிறவர் முன்னால் எந்தக் காத்தாடியையும் நிறுத்தாதே. கேட்கவில்லை என்று நிரூபிக்கப் போகாதே. முதலில் என்ன சொல்கிறது என்று கேள், உனக்கு அது தானாகவே வரும், ஆனால் நிறையப் படித்த பிறகு மறந்துபோகலாம். அங்கே ஃபிசிக்ஸ்காரர்கள் மனநல ஆராய்ச்சியைக் கிண்டல் செய்தால் உன் அப்பாவை நினைத்துக்கொள். மனநல ஆராய்ச்சிக்காரர்கள் கருவியைக் கிண்டல் செய்தாலும் உன் அப்பாவை நினைத்துக்கொள். உன் அம்மா மூன்றாவது மருந்துவரை போனாள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள். அந்த மருந்தும் யாரோ ஒருவர் எங்கேயோ பொறுமையாக உட்கார்ந்து கண்டுபிடித்ததுதான். அப்புறம், குளிருக்கு நல்ல சாக்ஸ் வாங்கு. மலிவானது வேண்டாம்.

இனி எழுதுவதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, அதனால் நேராகவே எழுதுகிறேன். காத்தாடியின் டவர் உச்சியில் ஏறி மூடியைத் திறந்தால் நம் வீட்டு மொட்டைமாடி தெரியும். நீ பள்ளிக்கூட நாட்களில் சாப்பாடு தயாரானதும் துணிக்கொடியில் சிவப்புத் துண்டைப் போடுவாய். போன் இருக்கிறதே எதற்கு இது என்று நான் திட்டுவேன். ஆனாலும் துண்டு தெரிந்தால்தான் இறங்குவேன். இப்போதும் ஒவ்வொரு தடவை ஏறும்போதும் முதலில் கொடியைத்தான் பார்க்கிறேன். உன் அம்மா வெள்ளைச் சேலை காயப்போட்டிருப்பாள், மாமா இடுப்பில் கட்டுகிற கட்டம் போட்ட சாரம் கிடக்கும். சிவப்பு இருக்காது என்று தெரியும். தெரிந்துகொண்டே பார்க்கிறேன். இதற்கும் யூனிட் என்ன என்று கேட்டால் என்னிடம் இல்லை. பி.எட். என்று நீ சொன்னபோது எனக்குள்ளே ஒருவன் 'வா, வா, வந்துவிடு' என்று சொன்னது தெளிவாகக் கேட்டது. அது என் குரல்தான், எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் குரலை மறைக்கத்தான் சபை வாசலில் அவ்வளவு இரைச்சல் போட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் காற்று விழுந்துவிட்டது. யாரும் நிறுத்தாமலே காத்தாடி நின்றிருந்தது. மாமா தன் மோட்டார்க் கடையிலிருந்து வந்து மொட்டைமாடியில் பாலில்லாத கட்டஞ்சாயாவோடு உட்கார்ந்திருந்தான். நீ லீவுக்கு வந்தால் அவன் பக்கத்தில் உட்கார்வாயே, அந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். பிறகு என்னை அறியாமல், "என்ன சொல்லுதுடே?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "இத்தன வருசத்துல நீங்க இதக் கேட்டதே இல்ல அத்தான்."

"இப்ப கேக்கேன்லா. சொல்லு."

தலையைச் சாய்த்துக் கேட்டான். அன்றைக்குப் போலவே. "பிள்ளை எப்ப வருவாள்னு கேக்குது."

"நீ என்ன சொன்ன?"

"மொதல்ல அவ போகட்டும். போனாத்தானே வர முடியும்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு மிச்சமிருந்த சாயாவைக் குடித்தான். முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று சாயங்கால வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை. அது அவன் காதில் கேட்கிற குரலா, இல்லை என்னைத் தேற்றுவதற்காக அவனே சொன்னதா என்று கண்டுபிடிக்க என்னிடம் கருவி எதுவும் இல்லை. உன்னிடம் ஒரு நாள் இருக்கலாம். எனக்குத் தெரிந்ததெல்லாம், காத்தாடி நின்ற அந்த அமைதியில் அதே கேள்வி எனக்கும் தெளிவாகக் கேட்டது என்பதுதான்.

நீ ஒரே வார்த்தை கேட்டாய். போ.

அந்தக் குரல் கேட்டதற்கு மட்டும், மக்களே, பதில் நீதான் சொல்ல வேண்டும்.

அப்பா